முனி கேட்ட சுருட்டு

மதுரனுக்கு முனி பிடித்துவிட்டது என்று தேயிலைத் தோட்டத்து லயத்தில் முடிவாகிவிட்டது. மதுரனை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முடிவு செய்தவள் பக்கத்துக் காம்பரா சண்முகவடிவு. லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களுக்கு இடையிலுள்ள சுவர் கூரை வரைக்கும் எட்டாது. இவன் புரண்டு படுத்தால் அங்கே அவளுக்கு முழிப்பு வந்துவிடும்.

“ராத்திரி பூரா நடக்குறான். இந்தக் குளிருல அவனுக்கு வேர்த்து ஊத்துது. அசந்து கொஞ்சம் கண்ண மூடுனா, கொழுந்துத் தராசு தொரத்துதுன்னு கத்துறான். சோறும் எறங்கல. பெக்டரியில ரோதைக்குப் பக்கத்துலயே நிக்கிற ஆளு. இது ரோதமுனி வேலதான்.”

ரோதை என்கிற பெக்டரி இயந்திரங்களுக்குக் காவல் சாமி ரோதமுனி. மதுரனின் மனைவி நிஷாந்தி கைப்பிள்ளையோடு எழுந்து நின்றாள்.

“நோர்வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயி டொக்டர்கிட்ட காட்டவா அக்கா?”

“முனிக்கு எந்த டொக்டரு மருந்து குடுப்பாரு? போயி கோடாங்கிய கூட்டிட்டு வா.”

விஷயம் என்னவென்று மதுரனுக்குத் தெரியும். முனியும் இல்லை, கினியும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இழுத்துக்கொண்டிருந்த கஞ்சாவை விட்டிருந்தான். அவன் கஞ்சாவை விட்டான், தூக்கம் அவனை விட்டுவிட்டது.

போன வாரம் மகள் அவனைப் பார்த்துச் சிரித்ததும், யாரும் பார்க்காத நேரம் அவள் தலையில் கை வைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான். சத்தியம் தவறினால் பிள்ளைக்கு ஆகாது. அதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது.

இதை வெளியே சொல்லலாம் என்றால், நிஷாந்திக்குக் கஞ்சா விஷயமே தெரியாது. வாடை வந்தபோதெல்லாம் “நாட்டு பீடி” என்று சொல்லிச் சமாளித்த மகராசன் அவன். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கிடந்தான்.

இதை விடப் பெரிய கொடுமை, வரப்போகிற கோடாங்கி. செல்லசாமி பகலில் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவார், வெள்ளிக்கிழமை பேய் ஓட்டுவார். மதுரன் இத்தனை காலமும் கஞ்சா வாங்கியது அவரிடம்தான்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது லயத்து வாசலில் கூட்டம் கூடிவிட்டது. தேங்காய், பழம், அவித்த முட்டை, அரைப் போத்தல் சாராயம் எல்லாம் படையலில் இருந்தன. நடுவில் கனத்த சுருட்டு ஒன்று.

செல்லசாமி உடுக்கையை அடித்தார்.

“யாருடா நீ?”

“மதுரன்ண்ணே.”

“ஒன்னய கேக்கல. உள்ள இருக்கிறவன கேக்குறேன்.”

“உள்ள யாரும் இல்லண்ணே.”

“முனி கூச்சப்படுது” என்றாள் சண்முகவடிவு.

செல்லசாமி கண்ணை மூடித் தலையை ஆட்டினார். “முனிக்குக் கஞ்சாச் சுருட்டு வேணுமாம். இவன் வாயாலதான் இழுக்குமாம். இழுத்தா போயிரும். பொறகு இவன் நல்லா தூங்குவான்.”

தூங்குவான் என்றதும் மதுரனுக்கு அழுகையே வந்துவிட்டது. நாக்கு வேறு ஊறியது. அடப்பாவி கோடாங்கி, விட்டுப்போன வாடிக்கையை இழுத்துப் போட இப்படியும் ஒரு வழியா?

பீடி வாடைக்கே அவனை வாசலுக்கு விரட்டுகிற நிஷாந்தி, இன்று இடுப்பில் பிள்ளையோடு வந்து பயபக்தியாகச் சுருட்டை எடுத்து நீட்டினாள். இன்னொரு கையில் நெருப்புப்பெட்டி.

“ஒரே ஒரு இழுப்புங்க. இந்தப் பிள்ளைக்காகவாவது இழுங்க.”

மதுரன் சுருட்டை வாயில் வைத்தான். பிள்ளை அவனைப் பார்த்துச் சிரித்தது. அவ்வளவுதான், சுருட்டைக் கீழே வீசிவிட்டான்.

“முனியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் கஞ்சா அடிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப விட்டுட்டேன். அதான் தூக்கம் வரல. இந்தா, இவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணிருக்கேன். தூங்காமலே செத்தாலும் தொடமாட்டேன்.”



“அப்ப அது பீடி இல்லையா?” என்றாள் நிஷாந்தி.

“அப்ப முனி இல்லையா?” என்றாள் சண்முகவடிவு. அவளுக்குத்தான் ஏமாற்றம் தாங்கவில்லை.

மதுரன் செல்லசாமி பக்கம் திரும்பினான். “வித்தவரு நீங்கதானேண்ணே? ஒங்களுக்குத் தெரியாதா எனக்கு என்னான்னு? விட்டவன சாமி பேரச் சொல்லி மறுபடி இழுக்கப் பாக்குறீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?”

கூட்டம் மொத்தமும் கோடாங்கியைப் பார்த்தது. நிஷாந்தி குனிந்து சுருட்டை எடுத்தாள். அவர் முகத்தில் எறியத்தான் எடுத்தாள். எடுத்த வேகத்தில் அது கையிலேயே பிய்ந்து, உள்ளே இருந்தது கொட்டியது.

சண்முகவடிவு ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்தாள்.

“இது நம்ம தேயில.”

செல்லசாமி உடுக்கையைத் துணியில் சுற்றிக்கொண்டே மதுரன் காதருகே குனிந்தார்.

“நீ விட்டது தெரிஞ்சுதான்டா தேயில வச்சு சுத்துனேன். ஒரு இழுப்பு இழுத்திருந்தா ஒனக்கே புரிஞ்சிருக்கும். வாய மூடிக்கிட்டு எந்திரிச்சுப் போயிருப்ப. நானும் முனி போயிருச்சுன்னு சொல்லி ஒன்னய காப்பாத்தியிருப்பேன். இப்ப பாரு, ரெண்டு பேரு மானமும் போச்சு.”