இரண்டாவது நாற்காலி

“ரெண்டாவது நாற்காலிய இன்னும் கொஞ்சம் கிட்டப் போடுங்களேன்.”

“போன ஆல்பத்துலயே கிட்டத்தானே சார் போட்டோம்?”

“பரவாயில்ல. அது மேல ஒரு பச்சைச் சால்வையும் இருக்கட்டும்.”

பாடகர் அன்று சொன்னது இப்போது நினைவுக்கு வர, அவருடைய ஆல்பங்களுக்கு அட்டைப்படம் வரைபவள் தொலைபேசியை இறுகப் பிடித்துக்கொண்டாள். “நான் அவர் வீட்டுலேருந்து பேசுறேன்” என்று ஒரு பெண்குரல் சொன்னதுமே அவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். பாடகர் தன் வீட்டைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. கேட்க இவளுக்கும் பயம்.

“முதல் ஆல்பத்துல ஒரே நாற்காலி. அடுத்ததுல ரெண்டு. இப்போ ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. இதுக்கு என்னங்க அர்த்தம்?”

“பார்க்க அழகா இருக்கும்னு...”

“வெளியீட்டு விழா போட்டோ என் கையில இருக்கு. உங்க தோள்ல கிடக்கறது அட்டையில இருக்கற இதே சால்வைதானே?”

மழுப்ப வழியில்லை. “ஆமாங்க.”

“யாரோட யோசனை? உங்களோடதா, அவரோடதா?”

“அவர்தான் சொன்னார். ஆனா தப்பா ஒண்ணும் நடக்கலைங்க. வேணும்னா நான் இந்த வேலைய விட்டுடறேன்.”

“ஐயையோ, விட்டுடாதீங்க. அம்மா போனதுலேருந்து அப்பா மனசுல இருக்கறத வாய்விட்டுச் சொன்னதே இல்ல. இப்படி அட்டை அட்டையா உங்களையே வரைய வச்சுட்டு இருந்தா, அவர் எப்போ கேட்கப் போறார்? நானே கேட்டுடறேன். எங்க அப்பாவைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?”