கடைசி செட்

தேவாலயத்துக் கடையில், அன்றைய ஆராதனையில் ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவும் சடங்குக்கான செட் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. வெள்ளி நிறக் கிண்ணம், ஜரிகை வைத்த துண்டு, ரோஜா வாசனைச் சோப்பு. ஒரே வீட்டின் மூத்த மருமகளும் இளைய மருமகளும் ஒரே நேரத்தில் அந்தப் பெட்டியின்மேல் கை வைத்தார்கள்.

"விடுடி! நான்தான் முதல்ல தொட்டேன்."

"ஆமா, மாமியார் வளையலையும் நீங்கதான் முதல்ல தொட்டீங்க!"

மூத்தவள் பளாரென்று அறைந்தாள். இளையவள் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து, தலையைக் கண்ணாடி அலமாரியில் மோதினாள். கண்ணாடி நொறுங்கியது. நெற்றியில் ரத்தம் வழிய, மூத்தவள் அவள் கையைக் கடித்தாள். பெட்டியை மட்டும் இருவரும் விடவில்லை.

கடையைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஓடிவந்து இருவரையும் பிரித்தாள்.

"ஆராதனை தொடங்கப்போற நேரத்துல என்னக்கா இது? கால் கழுவ ஒரு பக்கெட் போதாதா?"

"எல்லாரும் செட்டோட நிப்பாங்க. நான் மட்டும் பக்கெட்டைத் தூக்கிட்டுப் போகவா? மானம் போயிடும்!" என்றாள் மூத்தவள்.

"எனக்கு மட்டும் மானம் இல்லையா?" என்று மூச்சிரைத்தாள் இளையவள்.

"சரி, மனஸ்தாபம் உள்ளவங்க காலைக் கழுவி சமாதானம் ஆகணும்னுதானே பாஸ்டர் சொன்னாரு? நீங்க ரெண்டு பேரும் யார் காலைக் கழுவப் போறீங்க? அதைச் சொல்லுங்க, யாருக்குத் தர்றதுன்னு நான் முடிவு பண்றேன்."

மூத்தவள் தயங்கித் தயங்கி இளையவளைக் காட்டினாள்.

இளையவளின் விரல் அதற்குள் மூத்தவளை நோக்கி நீண்டிருந்தது.