வாங்குகிறவர் சொல்ல வேண்டியதில்லை

"இதுவும் போதாதும்மா. முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று வாங்கிண்டு வா."

வக்கீல் ஹாலாஸ்யம் காகிதக் கட்டை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். செல்லக்கிளி அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். பேரையூரிலிருந்து மதுரைக்கு அவள் வருவது இது நாலாவது தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகிறது.

டைப்ரைட்டருக்குப் பின்னால் இருந்த ஜானுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிலத்தின் மேல் கடனோ வழக்கோ இல்லை என்று காட்ட, மற்றவர்களுக்கெல்லாம் பதிமூன்று வருஷச் சான்று போதும் என்கிறவர் இவர். இவளிடம் மட்டும் போன மாதம் வாரிசுச் சான்றிதழ் கேட்டார். போன வாரம் நாலு எல்லைக்காரர்களின் கையெழுத்து. அதையும் அவள் எப்படியோ வாங்கிவந்துவிட்டாள். இன்றைக்கு முப்பது வருஷம்.

செல்லக்கிளியின் கதை ஜானுவுக்குத் தெரியும். பண்ணையில் வேலை பார்த்த மாமனார் ஆயுசெல்லாம் உழைத்து வாங்கிய மூன்று ஏக்கர் மானாவாரி. தோண்டிய இரண்டு கிணறும் வறண்டுவிட்டன. புருஷன் மருது மதுரை செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிறான், தறிக்கொட்டகையிலேயே படுக்கை. நிலத்தை விற்றால் அங்கேயே ஓர் அறை பிடித்துக் குடும்பம் ஒன்றாக இருக்கலாம்.

வாங்க ஆள் தயார். கோச்சடை மில்காரர் ராஜாராமன், ஹாலாஸ்யத்தின் கட்சிக்காரர். பத்திரத்தை முடிக்க விடாமல் குறுக்கே நிற்பது ஹாலாஸ்யம் மட்டும்தான்.

அதே ராஜாராமனுக்கு முந்தின மாதம் ஹாலாஸ்யம் ஒரு சட்டக் கருத்து எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு பக்கமும் ஜானுதான் டைப் அடித்தாள். அமெரிக்கா விட்ட செயற்கைக்கோள் பூமியைப் படம் எடுக்கிறது. பணம் கட்டினால் யாருக்கும் விற்கிறார்கள். ஒருவர் நிலத்தை அவரைக் கேட்காமல் மேலிருந்து படம் எடுக்கலாமா, அதில் கண்டதை அவரிடம் சொல்லாமல் வியாபாரம் செய்யலாமா என்பது கேள்வி. விண்வெளிக்கு எந்த நாடும் பட்டா வாங்க முடியாது, ஐ.நா. சபையிலேயே பத்து வருஷமாகப் பேசியும் முடிவுக்கு வரவில்லை என்றெல்லாம் எழுதிவிட்டு, நம் சட்டப்படி விற்கிறவர் குறையைச் சொல்ல வேண்டும், வாங்குகிறவர் நிறையைச் சொல்ல வேண்டியதில்லை என்று முடித்திருந்தார்.

பெரிய இடத்துக்கு ஆகாயம் வரைக்கும் போய் வழி தேடித் தருவார். மூன்று ஏக்கர்காரிக்கு மட்டும் வழி கிடையாது. ஜானுவுக்கு மனசு ஆறவில்லை.

அவள் வலியப் போய் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு மாடிப்படியில் செல்லக்கிளியின் பின்னாலேயே இறங்கிப் போனாள்.

"இந்தச் சான்றெல்லாம் வேண்டியதே இல்லை. இது நான் டைப் அடிச்சு வச்ச உங்க கிரையப் பத்திரத்தோட கார்பன் காப்பி. நேரே கோச்சடைக்குப் போய் மில்காரரைப் பாருங்க. பேரையூர்லயே பத்திரம் எழுதறவர் முடிச்சுக் கொடுத்துடுவார். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

செல்லக்கிளி காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இந்தப் பொட்டக்காட்ட விக்கிறதுக்கு இம்புட்டுச் சீரழிவா தாயி," என்றாள்.

இரண்டு வாரம் கழித்து மருதுவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஜானுவின் மேஜை மேல் ஒரு பை மொச்சைக்காயை வைத்தாள். பத்திரம் பதிவாகிவிட்டதாம். செல்லூரில் அறையும் பார்த்தாயிற்றாம். மில்காரர் தங்கமான மனுஷனாம், கேட்ட விலைக்கு மேல் ஒரு பேச்சு பேசவில்லையாம்.

மருது சும்மா இருக்கும்படி அவள் கையை இழுத்தான். அவள் கேட்கவில்லை. உள்ளறையில் இருக்கிறவர் காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

"படிச்சவுக எம்புட்டோ பேரு இருக்காக. அந்தப் பத்திரத்த எங் கையில குடுத்த இந்தத் தாயி மனசு எல்லாருக்கும் வருமா?"

ஹாலாஸ்யம் வெளியே வந்தார். பதிவு என்றைக்கு நடந்தது என்று கேட்டார். முந்தாநாள் என்றாள். பிறகு, சௌக்கியமாக இருங்கள் என்று சொல்லி இரண்டு பேரையும் அனுப்பிவைத்தார்.

ஜானு டிபன் டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எப்படியும் வேலை போகப் போகிறது. போவதற்கு முன்னால் ஒரு கேள்வியாவது கேட்டுவிடலாம்.

"அவளை ஏன் சார் அப்படி அலைய விட்டேள்?"

அவர் பீரோவைத் திறந்தார். கருத்துக் கேட்க வந்தபோது ராஜாராமன் கொடுத்துவிட்டுப் போன பெரிய படம் ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார். பேரையூர்ப் பக்கத்துக் கரட்டுப் பூமி, ஆகாயத்திலிருந்து எடுத்தது. சாம்பல் நிறத்துக்குக் குறுக்கே ஒரு கோடு ஓடியது. கோட்டின் மேல் பென்சிலால் ஒரு சர்வே நம்பர்.

கிரையப் பத்திரத்தில் ஜானு டைப் அடித்த நம்பர்.

"பாறை வெடிச்சிருக்கற இடம். அடியில தண்ணி வத்தாதாம். சாயப்பட்டறை வைக்க அவர் தேடிண்டிருந்தது இதைத்தான். கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வக்கீல் வெளியில விடப்படாது. நான் எழுதிக் கொடுத்த சட்டமே என் வாயைக் கட்டிப்போட்டுடுத்து. இழுத்தடிக்க மட்டும்தான் என்னால முடிஞ்சுது."

ஜானு வாசலுக்கு ஓடப் பார்த்தாள்.

"எங்கே போறே? பதிவானது பதிவானதுதான். அவகிட்டப் போய் என்னன்னு சொல்லுவே?"

அவள் நின்றுவிட்டாள். ஹாலாஸ்யம் படத்தைச் சுருட்டினார்.

"நிலத்தடித் தண்ணி பார்க்கற சர்க்கார் வண்டி தை மாசம் அந்த ஊருக்கு வரது. விக்கறதுக்கு முன்னால அது வந்திருந்தா அவளுக்கே தெரிஞ்சிருக்கும். அதுவரைக்கும் தாங்கட்டும்னுதான் முப்பது வருஷம் கேட்டேன்," என்றார். "தை பிறக்க இன்னும் பதினெட்டே நாள்."