பவர் சப்ளை போச்சு

பழைய கம்ப்யூட்டர் வியாபாரத்தில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். உயிரோடு இருப்பதைச் செத்துவிட்டது என்று சொல்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

காலையில் பேப்பரைப் பிரித்தால் மரண அறிவிப்புகளைத்தான் முதலில் படிப்பான். போனவர் ஓய்வுபெற்ற இன்ஜினீயர் என்றால் முகம் மலர்ந்துவிடும். அழுகை ஓயக் கொஞ்ச நாள் விட்டு, வீட்டு வாசலில் போய் நிற்பான். பையில் ஒரு பவர் ஒயர் இருக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே கம்பி அறுந்தது. அறுத்தவனும் அவன்தான். அதைச் செருகினால் எந்தக் கம்ப்யூட்டரும் பிணம்.

அன்று அவன் போன மாடி வீட்டில், மணியடித்து வெகுநேரம் கழித்தே கதவு திறந்தது. நரைத்த தலையோடு ஓர் அம்மாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெரிய பெட்டி பாதி அடுக்கியபடி கிடந்தது.

"சார் போனதைக் கேள்விப்பட்டேம்மா. மனசே ஆறல," என்றான். அவரோடு நெருங்கிப் பழகியவன் என்றும், அவருடைய கம்ப்யூட்டர்களைச் சும்மா பார்த்துக் கொடுக்க வந்ததாகவும் அளந்தான்.

அவள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே விட்டாள். அவர் இல்லாத வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை, தங்கை வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

முன்னறையில் நாலு கம்ப்யூட்டர்கள். பழசைச் சேர்க்கும் பைத்தியங்கள் அடித்துப் பிடித்து வாங்கும் சரக்கு. தன் ஒயரைச் செருகி ஒவ்வொன்றாகச் சுவிட்சைத் தட்டினான். விளக்கு எரியவில்லை, காற்றாடி சுற்றவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"பவர் சப்ளை போச்சும்மா. நாலும் வெறும் தகரம். எடைக்குத்தான் போகும்."

பர்ஸை எடுக்கப் போனவனை அவள் தடுத்தாள். "காசெல்லாம் வேணாம்ப்பா. பாக்கப் பாக்க அவர் ஞாபகம்தான் வருது. சீக்கிரம் எடுத்துட்டுப் போ."

டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும், புருஷன் வைத்திருந்தது தங்கமா தகரமா என்று தெரியாத ஜென்மம். நாலையும் தன் வேனில் ஏற்றிய பிறகு, போனால் போகிறதென்று அவளுடைய கனத்த பெட்டியைத் தானே கீழே சுமந்து வந்து டாக்ஸியில் ஏற்றிவிட்டான். நல்லா இருப்பே என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

கடைக்கு வந்து நல்ல ஒயரை எடுத்தான். பழசுக்கு எடுத்த எடுப்பில் முழு மின்சாரம் ஆகாது என்று நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோத்தான். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று நின்று எரியும். இது ஒருமுறை மின்னிவிட்டு மங்கியது. ஐந்து வோல்ட் சரி, பன்னிரண்டும் சரி. ஒரு கண்டென்சர்கூட உப்பவில்லை. நாலுக்கும் உயிர் கெட்டியாக இருந்தது. அந்த அசட்டு விதவையை நினைத்து நினைத்துச் சிரித்தான்.

சாயங்காலம் போலீஸ் வந்தது. கூடவே இன்ஜினீயரின் மகன். வெளியூரில் வேலை பார்ப்பவன், அன்று மதியம்தான் வந்திருக்கிறான். வீட்டில் கம்ப்யூட்டர்களைக் காணோம், பீரோவில் நகைகளையும் காணோம். பக்கத்து வீட்டுக்காரர் வேன் நம்பரைச் சொல்லியிருக்கிறார்.

டாக்டர் அசரவில்லை. கொடுத்ததைத்தான் எடுத்து வந்தேன், நகை கதையெல்லாம் எனக்குத் தெரியாது என்று அலட்சியமாகச் சொன்னான்.

"சந்தேகம்னா உங்கம்மாவையே கேளுங்க தம்பி. அவங்கதான் எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க."

மகன் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"எங்கம்மா அப்பாவுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்க."