கேமரா வைத்த வாத்துக் கூண்டு

முதல்முறையாக வாத்து வளர்க்கக் கிளம்பிய தணிகாசலம், கொல்லையில் கூண்டு கட்டி, நீல பெயின்ட் அடித்து, உள்ளே கேமராவும் மாட்டினார். ஆபீஸில் இருந்தபடியே வாத்துகளைப் போனில் பார்த்துக்கொண்டிருக்கலாம் அல்லவா? கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் போடவில்லை.

"வேலி ஓரமா ஒரு கீரி சுத்துது. கதவு சும்மாதான் சாத்தியிருக்கு," என்று பயந்தது புள்ளி வாத்து.

"அதான் ஐயா நம்மளைப் பார்த்துக்கிட்டே இருக்காரே!" என்றது வெள்ளை வாத்து, கேமராவுக்கு முன்னால் இறகைக் கோதிக்கொண்டே.

மறுநாள் மத்தியானம் கீரி மூக்கால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. புள்ளி வாத்து வெளியே பாய்ந்து தப்பியது. வெள்ளை வாத்து கேமராவுக்கு நேராகப் போய் நின்று, "ஐயா, பார்க்கிறீங்களா?" என்று கத்தியது.

ஐயா பார்த்தார்.

சாயங்காலம் அந்த வீடியோவைச் சொந்தபந்தம் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, "கீரியோட மீசைகூட எவ்வளவு தெளிவா தெரியுது பாருங்க!" என்று பூரித்துப்போனார்.

மறுநாள் காலையில் கூண்டுக்கதவுப் பக்கம் டிரில் சத்தம் கேட்டது. அப்பாடா, தாழ்ப்பாள் என்று புள்ளி வாத்து ஓடிவந்து பார்த்தது.

இரண்டாவது கேமரா ஏறிக்கொண்டிருந்தது. இது கதவைப் பார்ப்பதற்கு.