நேரலையில் முதல் அழைப்பு

"நீதான் லாரி டிரைவர். உனக்கு ஆசனவாய்கிட்ட ஒரு கட்டி. உட்கார முடியல. புரிஞ்சுதா?"

"எனக்கு எதுக்குக்கா இந்தக் கெட்ட பேரு? தலைவலின்னு சொல்லிடறேனே."

"இன்னைக்குத் தலைப்பே மூலம்தான். பத்து மணி பத்துக்குச் சரியா போன் பண்ணு. சொதப்பிடாதே."

வானொலி நிலையத்தில் அவன் செய்தி வாசிப்பவன். யார் குரலையும் அச்சு அசலாகப் பேசிக் காட்டுவான் என்பதால் எல்லோருக்கும் அவன் 'எதிரொலி'. அவள் 'டாக்டரிடம் பேசலாம்' நேரலையின் தொகுப்பாளர். மூன்று வாரமாக அந்த நிகழ்ச்சிக்கு ஈ, காக்கைகூடப் போன் செய்யவில்லை. அடுத்த வாரமும் இப்படியே போனால் அந்த நேரத்துக்குப் பாட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்று நிலைய மேலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஒரு வாரமாக அலுவலகத்திலும் வீட்டிலும் அவளுக்கு இதே புலம்பல்தான். ஆறு வருடம் பாடுபட்டு வளர்த்த நிகழ்ச்சி. அதைக் காப்பாற்ற ஒரே ஒரு பொய் சொன்னால் குடிமுழுகிப் போகாது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். எதிரொலி கீழே வாகன நிறுத்தத்துக்குப் போய்க் கைபேசியில் பேசுவதாக ஏற்பாடு.

சிவப்பு விளக்கு எரிந்தது. ஆசனவாயைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்கள் வீங்குவதுதான் மூலம் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். மலச்சிக்கல், முக்குவது, தண்ணீர் குடிக்காதது, கழிப்பறைக்குள் கைபேசியோடு குடித்தனம் நடத்துவது என்று காரணங்களை அடுக்கினார். தொலைபேசியின் மூன்று விளக்குகளும் செத்துக் கிடந்தன. கண்ணாடிக்கு அப்பால் மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

பத்து மணி பத்துக்கு முதல் விளக்கு மினுக்கியது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வணக்கம்மா. பேரு வேண்டாம்."

குரலைக் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே அவள் மாமனாரின் கரகரப்பு. போன மாதம் அவள் வீட்டுக்கு வந்த எதிரொலி, மாமாவோடு இரண்டு மணி நேரம் அரட்டை அடித்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து கேன்டீனில் அவர் குரலில்தான் டீ கேட்கிறான். அடப்பாவி, நேரலையிலுமா என்று மனதுக்குள் திட்டியபடி, சிரிப்பை அடக்கக் கையைக் கிள்ளிக்கொண்டாள்.

"சொல்லுங்க ஐயா. லாரி ஓட்டுறீங்களா?"

"இல்லம்மா. நாப்பது வருஷம் தையல் மெஷின் முன்னாடி உட்கார்ந்தவன்."

மாமாவின் தொழிலைக்கூட விட்டுவைக்கவில்லை, படவா. சொல்லிக் கொடுத்தபடி ஒரு வரிகூட வரவில்லை. ஆனால் பேசியது அத்தனையும் நெஞ்சைத் தொட்டது. நாலு நாளாகக் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி, உட்கார்ந்தால் உயிர் போகிறது, இரண்டு மாதமாக ரத்தமும் போகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னது அந்தக் குரல். இவன் செய்தி வாசிக்க வேண்டியவனே இல்லை, நாடகத்துக்குப் போயிருக்க வேண்டியவன் என்று அவளுக்கு உற்சாகம் தலைக்கேறியது.

திடீரென்று வலியோடு வரும் கட்டி பெரும்பாலும் உள்ளே ரத்தம் உறைந்ததால் வருவது என்றார் டாக்டர். தினமும் இரண்டு மூன்று முறை, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் வலி குறையும், கீரையும் பழமும் தண்ணீரும் நிறையச் சேர்க்க வேண்டும், முக்கவே கூடாது என்றார். பிறகு அவர் குரலில் கண்டிப்பு ஏறியது.

"ஆனா ரெண்டு மாசமா ரத்தம் போகுதுன்னா, அது மூலம்தான்னு நீங்களா முடிவு பண்ணக் கூடாது. வேற காரணமும் இருக்கலாம். உடனே நேர்ல காட்டுங்க. வீட்டுல சொல்லலையா?"

"மருமக தங்கமான பொண்ணு டாக்டர். ஆனா அவகிட்ட போய் இதை எப்படிச் சொல்றது? இந்த நிகழ்ச்சிக்கு யாரும் போன் பண்றதில்லையாம், நிறுத்தப் போறாங்களாம். அதான் வெட்கத்தை மூட்டை கட்டி வெச்சுட்டுக் கூப்பிட்டேன்."

அவளுக்குப் பகீரென்றது. உள்விவகாரத்தை ஊரறியப் போட்டு உடைக்கிறானே. மேலாளர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பேச்சை முடிக்கப் பார்த்தாள்.

"மருமககிட்ட தைரியமா சொல்லுங்க ஐயா. தப்பா நினைக்க மாட்டா."

"இப்பவே சொன்ன மாதிரிதாம்மா" என்றதோடு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அடுத்த நொடி மூன்று விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. ஒருவர் கூச்சத்தை உடைத்ததும் ஊரே வரிசைகட்டி நின்றது. டாக்சி ஓட்டுபவர், வங்கிக் காசாளர், பிள்ளை பெற்று மூன்று மாதமான ஒரு பெண் என்று ஆள் மாற்றி ஆள் பேசினார்கள். ஒரு போனை வைத்தால் இரண்டு அடித்தது. மேலாளரே உள்ளே வந்து, இன்னும் அரை மணி நேரம் நீட்டிக்கலாம் என்று சீட்டு எழுதி நீட்டினார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் எதிரொலியைத் தேடி ஓடினாள். அவனைத் திட்டுவதா, கட்டிப் பிடித்துக்கொள்வதா என்று அவளுக்கே தெரியவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் அவனே மூச்சிரைக்க எதிரே வந்து நின்றான்.

"மன்னிச்சிடுக்கா. கீழே போறதுக்குள்ள அவசரச் செய்தி எழுதணும்னு பிடிச்சு உட்கார வெச்சுட்டாங்க, இப்பதான் விட்டாங்க. நான் போனே பண்ணலையே, எப்படிச் சமாளிச்சீங்க?"

அவள் வீட்டு எண்ணை அழுத்தினாள். "மாமா, சட்டையை மாத்திட்டுத் தயாரா இருங்க," என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போறோம்."