பிரிண்டர் மேல் விழுந்த பழி

பெல்வியூ அலுவலகத்தின் சர்வர் மறுபடியும் படுத்துவிட்டது. தொடர்ந்து நான்காவது செவ்வாய்க்கிழமை.

"எவனோ வேணும்னே பண்றான். ஆள் யாருன்னு மட்டும் தெரியட்டும், நேரா போலீஸ்தான்" என்று குதித்தார் மானேஜர் ஹார்லன்.

புரோகிராமர் வெண்டல் அவர் பின்னால் நின்று பலமாகத் தலையாட்டினான். சர்வரைக் கவிழ்க்கும் நிரலை எழுதி, பிரிண்டர் மென்பொருளுக்குள் ஒளித்து வைத்த புண்ணியவான் அவன்தான்.

ஒவ்வொரு முறையும் போலவே, சர்வரைச் சரிபார்க்கப் போர்ட்லாண்ட் கிளையிலிருந்து கொரீன் ரயிலில் வந்து இறங்கிவிட்டாள். சர்வர் சாகும்போது, தன் நினைவில் இருப்பதையெல்லாம் ஒரு கோப்பில் கொட்டிவிட்டுத்தான் சாகும். மரண வாக்குமூலம் மாதிரி. அதை டீபக்கர் என்ற பிழை தேடும் மென்பொருளில் போட்டு அலசுவதில் கம்பெனியிலேயே அவளை மிஞ்ச ஆளில்லை.

'அநேகமாகக் காரணம்: பிரிண்டர் மென்பொருள்' என்றது திரை.

"அந்தப் பிரிண்டரத் தூக்கி வெளிய போடுங்க" என்றார் ஹார்லன்.

"போன வாரமே போட்டுட்டீங்க ஹார்லன்" என்றாள் கொரீன். "டீபக்கர் 'அநேகமாக'ன்னுதான் சொல்லுது. பொணத்துக்குப் பக்கத்துல யார் நின்னாலும் அவன் பேரச் சொல்லிடும். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. நானும் வெண்டலும் பாத்துக்கறோம்."

ஹார்லன் முணுமுணுத்துக்கொண்டே போனார். கொரீன் கதவைச் சாத்திவிட்டுத் திரையை வெண்டல் பக்கம் திருப்பினாள்.

"இது எல்லாரும் படிக்காம தாண்டிப் போற வரி. ஏதோ துணைக் கோப்பு கிடைக்கலன்னு ஒரு புலம்பல். ஆனா எங்க தேடிச்சுன்னும் சொல்லுது, பாருங்க."

பார்த்தான். நிரல் பிறந்த கணினியின் விலாசம் அப்படியே இருந்தது. அதன் நடுவில் அவன் முழுப்பெயர். மற்ற தடயங்களையெல்லாம் அழித்தவன் இதைக் கோட்டை விட்டிருந்தான்.

"போட்டிக் கம்பெனிக்காரங்க எவ்வளவு குடுத்தாங்க?"

"ஒரு சென்ட்கூட இல்ல."

"பின்ன எதுக்கு இந்த வேலை?"

வெண்டலுக்குக் காது சிவந்துவிட்டது. வேலை போகப் போகிறது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"சர்வர் விழுந்தாத்தானே நீங்க வர்றீங்க" என்றான்.

கொரீன் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். ஹார்லன் ஆவலாக ஓடி வந்தார். அவர் கையில் போன் தயாராக இருந்தது.

முதல் செவ்வாயன்றே அந்த வரியைப் படித்துவிட்டிருந்த கொரீன், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒண்ணும் பிடிபடல ஹார்லன், அடுத்த வாரமும் நான் வந்தாகணும்."